நாலாவது மூச்சுக்குப் பின்னால் ஒரு ஹாரன்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்று கல்லறைத் திருநாளுக்குக் கட்டிய சேலையில் மெழுகு சொட்டியிருக்கிறது. பழைய பேப்பரை வைத்துத் தேய்த்தால் போய்விடும் என்றார்கள். மெழுகு போகவில்லை. பேப்பரின் மை சேலைக்கு வந்துவிட்டது.

ஆறரைக்கே ஸ்டூடியோ. பழனி ரோட்டில் மொபைல் கடைக்கு மேல் மாடி. கடை திறந்து பாட்டுப் போடுவதற்குள் முடித்தால்தான் உண்டு. இன்று எடுத்தவை:

தூரக் கப்பல், எபிசோடு 8. கேப்டன் இல்வாவுக்கு 64 வசனம்.
ஜவுளிக்கடை ஆட்டோ விளம்பரம் ஒன்று.
அய்யலூர்ப் பெரியவர் ஒருவர் காலமான அறிவிப்பு. அதுவும் ஆட்டோவுக்கு.

மூன்றுக்கும் ஒரே தொண்டை. மூன்றாவதை ஜவுளிக்கடைக் குரலிலேயே ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டு போடும் சகாயம் கையை ஆட்டி நிறுத்தினான். "அக்கா, அவரு செத்துட்டாருக்கா." சிரித்து அடங்கக் கால் மணி நேரம். பாவம் அந்தப் பெரியவர்.

இருபது வருடமாக இந்த ஊர்த் தெருக்களில் சுற்றுவது என் குரல்தான். ரேஷன் கடை வரிசையில் நிற்பேன், நானே ஆட்டோவில் வந்து "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுப் போவேன். பக்கத்தில் நிற்பவள், "இந்தப் பொம்பள ஓயாமக் கத்திக்கிட்டே திரியுது" என்பாள். நானும் ஆமாம் போடுவேன்.

கேப்டன் ஆனது இரண்டு மாதமாகத்தான். வெளிநாட்டுத் தொடர். சென்னைக் கம்பெனி ஒன்று தமிழ்க் குரல் வேலையைச் சகாயத்திடம் தள்ளிவிட்டது. கதை: நூறு வருடப் பயணம் போகும் விண்கப்பல். ஆட்கள் முறை வைத்துக் கண்ணாடித் தொட்டிகளில், தண்ணீருக்குள் தூக்கம். கப்பலுக்கு ஆபத்து வந்தால் மட்டும் இல்வாவை எழுப்புவார்கள். அவள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்க வேண்டும். ஒவ்வொரு எபிசோடும் அவள் தொட்டியிலிருந்து எழுவதில் ஆரம்பம். உடம்பில் பேருக்கு ஒரு துணி, அதுவும் நனைந்தது. காமிரா கால்விரலிலிருந்து புறப்பட்டு மெதுவாக ஏறும். முகத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அந்த இடம் வந்தால் வீட்டில் இவர் எழுந்துவிடுவார். பம்ப்செட் மெக்கானிக். "மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வாரேன்" என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவார். மோட்டார் ஓடாது, அவருக்கும் தெரியும். இல்வா சட்டை மாட்டியபிறகு இறங்கி வந்து, "அல்வா கேப்டன் கப்பலக் காப்பாத்திட்டாளா?" என்பார்.

வெஞ்சனம்: அவரைக்காய். உப்புக் கூடிப்போனது.


நவம்பர் 5, புதன்

சுள்ளென்று வெயில். தொண்டைக்கு மிளகுப் பால்.

நூருடன் சண்டை. நல்ல சண்டை, மாடிப்படியில் உட்கார்ந்து டீ ஆறும்வரை. நூர்ஜஹான்தான் தமிழ் வசனம் எழுதுகிறாள். பேகம்பூரில் டியூசன் எடுப்பவள். வெளிநாட்டுக்காரி வாயசைவுக்குள் தமிழைப் புகுத்துவதில் கெட்டிக்காரி. இந்தத் தொடர் என்றால் பைத்தியம்.

"பொம்பளைக்கு இம்புட்டு மரியாத குடுத்த கத வேற எதுக்கா இருக்கு? கப்பல்ல இருநூறு ஆம்பள. அம்புட்டுப் பேருக்கும் அவதான் ஆர்டர் போடுறா. ஏன் கல்யாணம் கட்டலன்னு ஒருத்தன் கேக்கல. புள்ள இல்லையான்னு ஒருத்தி கேக்கல. நம்ம ஊர்ல ஒருநா அப்படி இருக்க முடியுமா?"

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். பிள்ளை இல்லை. அதனால் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எவ்வளவு நேரம் மூடுவது?

"அம்புட்டு மரியாத குடுக்குறவன் காமிராவ ஏன்டி கால்ல இருந்து ஆரம்பிக்கிறான்?"

"அது மறுபிறப்புக்கா. தண்ணிக்குள்ள இருந்து புதுசாப் பொறக்குறா. வெக்கப்பட அதுல என்ன இருக்கு?"

"நாலாவது எபிசோடுல அந்த ஆபீசர் எந்திரிச்சானே, அவனுக்கு ஏன் மறுபிறப்பு இல்ல? கண்ணத் தொறந்தான். அடுத்த ஷாட்டுல யூனிபார்ம், கையில காப்பி. தலகூட ஈரமில்ல."

நூர் டீயைக் குடித்தாள். "துண்டு வச்சுருந்திருப்பான்."

உள்ளேயிருந்து சகாயம் சிரித்தது கேட்டது. அவன் எதற்கும் பதில் சொல்ல மாட்டான். முப்பது வயது, ஸ்டூடியோவின் முதலாளியும் அவன்தான், கூட்டுகிறவனும் அவன்தான்.

வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

நூர் சொல்வது: இல்வா யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அழுவதில்லை. தப்புச் செய்தால் ஒத்துக்கொள்கிறாள். எபிசோடு 3-இல் தன் கையாலேயே கதவை உடைக்கிறாள்.
நான் சொல்வது: கால்.

என் பக்கம் ஒரே வார்த்தைதான் இருக்கிறது. ஆனால் அது போக மாட்டேன் என்கிறது.

எபிசோடு 2 ஞாபகம் வந்தது. இல்வா எரிகிற அறையிலிருந்து ஏணி ஏணியாக ஏறி ஓடுவாள். மைக் முன்னால் நின்று மூச்சு வாங்கிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மாடிப்படி இருபத்தாறு. மூன்று தடவை ஏறி இறங்கி, நெஞ்சு அடிக்க வந்து நின்று கொடுத்தேன். கர்ப்பப்பை எடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். நாலாவது மூச்சில் கீழே போன வத்தலக்குண்டு பஸ்ஸின் ஹாரன் விழுந்துவிட்டது. எடுத்துவிடுகிறேன் என்றான் சகாயம். எடுக்கவில்லை. எபிசோடு வந்தபோது நன்றாகவே கேட்டது. விண்வெளியில் வத்தலக்குண்டு பஸ். இருந்தாலும் அந்த மூச்சில் எனக்கு ஒரு பெருமை உண்டு.


நவம்பர் 7, வெள்ளி

எபிசோடு 6 இன்று வந்தது. சாயங்காலம் டிவியில் போட்டோம். தொட்டிக் காட்சி. இவர் மோட்டார் பார்க்கப் போனார்.

காட்சியில் மூச்சுச் சத்தம் இருந்தது.

நான் அந்தக் காட்சிக்கு மூச்சு கொடுத்ததே இல்லை. எப்போதும் வெறும் இசைதான். இது நீளமாக, இழுத்து இழுத்து, கேட்கவே கூசுகிற மூச்சு. சென்னையில் வேறு யாரையோ வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கும்போது பின்னால் ஏதோ மாடு கத்தியது. விண்வெளியில் என்ன மாடு?

போனில் போட்டு, காதில் மாட்டிக் கேட்டேன். திரும்பக் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதில் மாடு. மாடு இல்லை, ஹாரன். வேகத்தைக் குறைத்த ஹாரன்.

அது என் மூச்சு. மாடிப்படி ஏறி வாங்கிய மூச்சு. அதை மெதுவாக்கி, நனைந்த துணியோடு எழுகிறவள் மேல் போட்டிருக்கிறார்கள்.

கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவினேன். இவர் இறங்கி வந்து, "தண்ணி ஏறுது" என்றார். ஏறவில்லை. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? ஏங்க, டிவியில் நான் அப்படி மூச்சு விடுகிறேன் என்றா?

அடுப்பைத் துடைத்தேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். உட்கார முடியவில்லை.


நவம்பர் 8, சனி

போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏலே சகாயம், ஆறாவது எபிசோடுல தொட்டியில இருந்து வருதே மூச்சு, அது யாருது?"

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். தரையைப் பார்த்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

"சென்னையில கேட்டாங்கக்கா. எந்திரிக்கிற சீன் சப்புன்னு இருக்கு, கொஞ்சம் ஃபீல் வேணும், ஆர்ட்டிஸ்ட்கிட்ட மூச்சு வாங்கி வைங்கன்னு."

"என்னையக் கேட்டியா?"

"உங்ககிட்ட எப்படிக்கா கேக்குறது? ஞாயித்துக்கெழம கோயில்ல வாசகம் வாசிக்கிறவங்க. எங்கம்மா கூட உக்காந்து செபமாலை சொல்றவங்க. உங்க மூஞ்சியப் பாத்து, இந்த மாதிரி மூச்சு விடுங்கக்கான்னு எனக்கு வாய் வரல. அதான் ரெண்டாவது எபிசோடு மூச்ச எடுத்து ஸ்லோ பண்ணி வச்சேன். மரியாதக் கொறவா எதும் செய்யணும்னு நெனைக்கலக்கா."

மரியாதைக்காகவாம்! என் முகத்துக்கு மரியாதை கொடுத்துவிட்டு மூச்சை எடுத்துக்கொண்டான். கேட்டால் முடியாது என்பேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. இதைச் சொன்னேன். அழுகிற மாதிரி நின்றான். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் வரவில்லை.

"வேற எதுல வச்சிருக்க?"

"ஏழுலயும் வச்சிருக்கேன்க்கா. இன்னும் அனுப்பல. புதன் சாயங்காலந்தான் அனுப்பணும்."

"எடுத்துரு."

"எடுத்தா சும்மா விடமாட்டாய்ங்கக்கா. அந்த எடத்துக்கு ஏதாச்சும் ஒரு சத்தம் வேணும்பாய்ங்க."

"அப்ப உன் மூச்ச வச்சுக்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஒன்பதும் பத்தும் பாக்கி. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நூர் போனில், "அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். நம்புகிறேன்.

பத்தாவது எபிசோடு இருக்கிறதே. அதில் இல்வா கப்பலின் சபை முன்னால் நின்று மூன்று பக்கம் பேசுகிறாள் என்று நூர் போன மாதமே சொல்லியிருந்தாள். இருபது வருடத்தில் யாரும் எனக்கு மூன்று பக்கம் கொடுத்ததில்லை. தள்ளுபடி, இரங்கல், திருவிழா, காணவில்லை. அதுதான் என் வசனம் எல்லாம். கோபம் ஒரு பக்கம், அந்த மூன்று பக்கம் ஒரு பக்கம். மதியம் படுத்தேன், எழுந்தேன், படுத்தேன்.


நவம்பர் 9, ஞாயிறு

முதல் வாசகம் என் முறை. கோயில் மைக் புதுசு, எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கிறது. வசனத்துக்கு வசனம் நான் மூச்சு எடுப்பது பின் வரிசை ஸ்பீக்கரில் போய்த் திரும்பி வந்தது. பாதியில் மூச்சை அடக்கி வாசிக்க ஆரம்பித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பதற்குள் தலை சுற்றிவிட்டது. கூறுகெட்டவள். வாசகத்தில் மூச்சு விடுவதற்கு எதற்கு வெட்கம்?

பூசை முடிந்து செருப்புப் போடும்போது, பாடற்குழுப் பிள்ளைகள் இரண்டு பேர், பின்னால்:

"அந்தக் கேப்டன் வாய்ஸ் பிலோமினா ஆன்ட்டியாம்டி."

"போடி. அந்தக் கேப்டன் எம்புட்டு கெத்து."

காது சூடேறிவிட்டது. எபிசோடு 6 பார்த்திருப்பார்களோ, அதைப் பேசுவார்களோ என்று செருப்பு வாரையே திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி முன்னால் வந்தாள். பத்தாவது படிக்கிறவள்.

"ஆன்ட்டி, கடைசியில கேப்டன் முழிச்சே இருப்பாங்களா, இல்ல திருப்பித் தூங்க வச்சிருவாய்ங்களா? அத மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி."

"தெரியாதும்மா" என்றேன். பொய். நூர் முடிவைச் சொல்லியிருக்கிறாள். கோயில் வாசலிலேயே பொய்.

அந்தப் பிள்ளைக்குக் கால் ஞாபகமில்லை. இல்வா தூங்குவாளா முழித்திருப்பாளா, அதுதான் கவலை. அப்படியென்றால் நூர் சொல்வது சரியா? இல்லை, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து அவள் அண்ணன் பார்த்திருந்தால் அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

மட்டன் வேகவில்லை. "கடா கெழடு போல" என்றார் இவர். குக்கரில் விசில் எண்ண மறந்தது நான்.


நவம்பர் 10, திங்கள்

மாதாந்திர மின்தடை. ஒன்பது முதல் ஐந்து. காற்றில்லை, வானம் மூட்டம்.

பதினோரு மணிக்கு நூர் வீட்டுக்கு வந்தாள், ஸ்கூட்டியில், கையில் பத்தாவது எபிசோடு வசனம். உள்ளே வந்ததும், "நீங்க சொன்னதுதான்க்கா சரி. மறுபிறப்புமில்ல ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் வெலகிருவோம். நானும் எழுதல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. "நீ எதுக்குடி வெலகணும்? நாம வெலகுனா சென்னையில நாளைக்கே வேற ஒருத்தி வந்து நிப்பா. அவளையும் கேக்காமத்தான் மூச்ச எடுப்பாய்ங்க. கேப்டன் மட்டும் கேப்டன் இல்லாமப் போயிருவாளா? கோயில்ல ஒரு புள்ள என்னையக் கேட்டுச்சு தெரியுமா?"

இன்று நான் நூர் பக்கம், நூர் என் பக்கம். ஒருமணி நேரம் கத்தினோம். பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் வேர்த்து, மோர் குடித்தோம்.

"சரி, அந்த மூணு பக்கத்தையாச்சும் வாசி" என்றேன்.

வாசித்தாள். கப்பலின் சபை இல்வாவை இனி எழுப்பவே போவதில்லை என்று முடிவெடுக்கிறது. அவள் சொல்வது (கொஞ்சம் மட்டும் எழுதிக்கொள்கிறேன்): "நீங்கள் என்னை எழுப்பும்போதெல்லாம் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அணைத்துவிட்டுப் போய்ப் படு என்கிறீர்கள். இந்தக் கப்பலில் பகல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் எரியாத ஒரு நாளில் நான் விழித்திருக்க வேண்டும். அந்த நாளைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்."

நான் அழுதேன். நூரும். அவளே எழுதிய தமிழுக்கு அவளே அழுகிறாள். இதைப் பேச வேண்டும். இதை வேறு ஒருத்தி பேசக் கூடாது. எனக்கு வேண்டும் இது.

மூக்கைச் சிந்திவிட்டு நூர் கேட்டாள்: "ஏன்க்கா, உங்களுக்கு ஆப்பரேசன் முடிஞ்சு மயக்கம் தெளியறப்ப எப்படி இருந்துச்சு?"

யாரும் இதுவரை கேட்டதில்லை. சொன்னேன். கன்னத்தில் யாரோ அடிக்கிறார்கள். பிலோ, பிலோ, கண்ணத் தொறங்க. தொண்டையில் குழாய் இருந்த இடம் தோல் உரிந்த மாதிரி. இருமல் வருகிறது, இருமினால் வயிற்றுத் தையல் பிய்கிறது, இருமாமல் இருக்கவும் முடியவில்லை. பித்தமாக வாந்தி. பிறகு குளிர். பல் அடித்துக்கொள்கிறது, கட்டில் கிடுகிடுவென்று ஆடுகிறது. உடம்பில் துணி இருக்கிறதா இல்லையா என்ற நினைப்பே இல்லை. இவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு நர்சிடம் சண்டை போட்டது மட்டும் கேட்டது. "ஒரு போர்வைக்கு இம்புட்டு நேரமா?" போர்வை வருவதற்குள் தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்திவிட்டு டவுசரோடு நின்றார்.

நூர் சிரிக்கவில்லை.

இரண்டு மணி நேர மயக்கத்துக்கு அது. ஏழாவது எபிசோடில் எழுகிற இல்வா தூங்கியது பதினோரு வருடம், அதுவும் தண்ணீருக்குள்.


நவம்பர் 11, செவ்வாய்

சகாயத்துக்குப் போன்.

"நாளைக்குக் காலையில வாரேன். ஏழாவது எபிசோடு தொட்டி சீன எடுத்து வை. மூச்சு நானே தாரேன்."

"அக்கா, நெசமாவா?"

"பழைய மூச்ச என் கண்ணு முன்னால அழிக்கணும். அதுக்குச் சம்மதம்னா வாரேன்."

"சரிக்கா."

நாளை முழுக்க மழை என்கிறது செய்தி. மிளகு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.


நவம்பர் 12, புதன்

மழைதான். குடை வளைந்துவிட்டது.

முதலில் அழிக்கச் சொன்னேன். அழித்தான். எபிசோடு 2 மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன், அது ஓடின மூச்சு. எபிசோடு 6 போனது போனதுதான், ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது.

படத்தை ஓட்டினான். விளக்கைக் குறைத்தான். பிறகு கூச்சத்தோடு, "நான் ரெக்கார்டப் போட்டுட்டு வெளிய நிக்கவாக்கா?" என்றான்.

"கண்ணத் தொறந்து பாரு. நீதான பாக்கணும்."

நூர் அவன் பக்கத்தில், துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு.

தண்ணீருக்குள் இல்வா. கண் திறக்கிறாள். காமிரா காலுக்குப் போகிறது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்விட்டேன். தொண்டையை அடைத்து, காற்று உள்ளே போகாமல் இழுத்து, இருமினேன். தண்ணீரைத் துப்புகிற இருமல். குமட்டல். திரும்ப இருமல். இடையில் மூச்சு கிடைக்காமல் கீச்சென்று ஒரு இழுப்பு, அதை நான் செய்யவில்லை, தானாக வந்தது. பிறகு பல். பல்லை அடிக்கவிட்டேன், தாடை வலிக்கும்வரை.

கதவு படாரென்று திறந்தது. சகாயம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருகிறான். "அக்கா! அக்கா, என்னாச்சு? நூரு, ஆட்டோவக் கூப்புடு!"

"ஏலே, ரெக்கார்டு ஓடுதுல்ல, போடா வெளிய!"

நல்லவேளை, அவன் கதவைத் திறந்தது கடைசியில்தான். அதை வெட்டிவிட்டான்.

படத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். அதே கால், அதே நனைந்த துணி. காமிரா அதே வேகத்தில்தான் ஏறியது. முட்டிக்கு வருவதற்குள் என்னால் பார்க்க முடியவில்லை. ஒருத்தி சாகக் கிடக்கிறாள், இவன் எதற்கு அவள் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், மூஞ்சியைக் காட்டேன்டா என்று இருந்தது.

கீழே மொபைல் கடை ஷட்டரைத் தூக்கினார்கள்.

"இப்ப அவ அசிங்கமாத் தெரியலக்கா" என்றாள் நூர். "காமிராக்காரந்தான் தெரியுறான்."

சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சந்தான்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் சேர்த்து இருமிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் வேறு வேறு. எட்டில் வாந்தி உண்டு. இப்போது குரல் சுத்தமாக இல்லை. இவருக்குச் சைகை காட்டியே சோறு போட்டேன். "என்ன, மௌன விரதமா? நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.


நவம்பர் 13, வியாழன்

சென்னையிலிருந்து சகாயத்துக்கு வந்த செய்தி: இருமல் ரொம்ப நிஜமா இருக்கு, பார்க்கிறவங்க பயந்துருவாங்க, மென்மையா ஒரு டேக் உடனே வேணும்.

"என்ன சொன்ன?" என்றேன், கீச்சுக் குரலில்.

"ஆர்ட்டிஸ்ட் பாலசமுத்திரத்துல ஒரு துட்டிக்குப் போயிட்டாங்க, மூணு நாளைக்கு போன் எடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்க்கா. வெள்ளிக்கெழம வெளியிடணும்ல, அப்படியே எடுத்துக்கிட்டாய்ங்க."

"பாலசமுத்திரத்துல யாருலே செத்தா?"

"அதெல்லாம் அவிங்க கேக்கலக்கா."

பதினெட்டாம் தேதி பத்தாவது எபிசோடு. அதற்குள் குரல் வந்தாக வேண்டும். கல் உப்புப் போட்டு நாலு தடவை கொப்பளித்தேன். எங்கள் பையன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான், நான் பேசியது அவனுக்குக் கேட்கவேயில்லை, வைத்துவிட்டான்.

எபிசோடு 6 ஊர் முழுக்க இருக்கிறது. 7 நாளைக்கு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் நினைக்க மாட்டார்களோ? நடந்துகொண்டே இருக்கிறேன். சமையலறைக்கும் வாசலுக்கும் பதினேழு காலடி.


நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டு விட்டு. கீரனூர்ப் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைத் தூக்கிவிட்டு இவர் ஆறு மணிக்கு வந்தார், சேறும் சகதியுமாக. குளித்தார். காப்பி கொடுத்தேன். "அல்வா கேப்டன் இன்னைக்குத்தான?" என்று அவரே டிவியைப் போட்டார்.

நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன். கரண்டி கையில்.

தண்ணீர். கண்ணாடித் தொட்டி. இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "மோட்டார் ஓடுதான்னு..."

இருமல்.

பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். திரையில் கால்விரல், கணுக்கால், இருமல், அந்தக் கீச்சிழுப்பு. இவர் உட்கார்ந்தார். கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். பல் அடிக்க ஆரம்பித்தபோது தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மாடிக்குப் போகவே இல்லை. இல்வா தொட்டியின் விளிம்பைப் பிடித்து, வழுக்கி, திரும்பப் பிடித்து, எழுந்து நின்றாள்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்து, ஒரு சத்தம்:

"ஏலே, அம்புட்டுப் பெரிய கப்பல்ல ஒரு போர்வ இல்லையாடா? எவனாச்சும் எடுத்து அந்தப் புள்ளைக்குப் போத்துங்கடா!"